நாற்பத்தேழாம் எண் மாதிரி

மார்ச் 4

டைல்ஸ் தொழிற்சாலைப் பூச்சுப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

இருபத்தோரு வருடம் வாய் திறக்காமல் இருந்தாயிற்று. போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன்.

உறையின் மேல் உங்கள் பதவியைத்தான் போட்டிருக்கிறேன், உறவைப் போடவில்லை. என் தங்கையின் கணவர் என்பதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தோம் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு மாதம் ஒரு தொழில் இதழ் வரும். அதன் உறையைக்கூட யாரும் கிழிப்பதில்லை. நான்தான் கிழிப்பேன். இந்த மாத இதழில் பதினான்காம் பக்கத்தில் உங்கள் படம். தலை நரைத்திருக்கிறது, சிரிப்பு மட்டும் பழையது. கையில் ஒரு வெள்ளை டைல். 'வெயில் பட்டால் தன் அழுக்கைத் தானே போக்கிக்கொள்ளும். தொள்ளாயிரம் டிகிரி சூளையில் வெந்த பிறகும் பூச்சின் வீரியம் குறையாது' என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள்.

தொள்ளாயிரம்! அந்த எண்ணை உங்கள் படத்துக்குக் கீழே பார்த்ததும் நூலகர் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஏதோ சத்தம் போட்டுவிட்டேன்.

மறந்திருப்பீர்கள் என்பதால் முதலாமாண்டு மாணவனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிக்கு இரண்டு உருவங்கள். அனடேஸ் என்ற உருவத்தில் இருக்கும்வரை வெயிலை வாங்கிக்கொண்டு அழுக்கைத் தின்னும். சூடு அறுநூறு, எழுநூறைத் தாண்டினால் ரூட்டைல் என்ற உருவத்துக்கு மாறிவிடும். அதுவும் வெள்ளைதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சோம்பேறி. டைலின் மேல் பூச்சு பிடிக்கத் தொள்ளாயிரத்தில் சுட வேண்டும். தொள்ளாயிரத்தில் சுட்டால் பூச்சுக்கு உயிர் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நம் பேராசிரியர், நாம் 'பெரியவர்' என்று அழைத்த அந்த மனிதர், உங்களையும் என்னையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். நான் கரைசலிலிருந்து பொடியை வீழ்த்தி, வடிகட்டி, கழுவித் தருவேன். நீங்கள் உலையில் சுடுவீர்கள். எனக்கு 'வடிகட்டி' என்றும் உங்களுக்கு 'அடுப்பு' என்றும் பெயர் வந்தது அப்படித்தான்.

மொட்டை மாடியில் நீலச் சாயம் கரைத்த கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, எந்தத் தட்டு முதலில் வெளுக்கிறது என்று பந்தயம் கட்டிக் காத்திருப்போம். மாடிச் சுவரின் நிழலுக்கு ஏற்றபடி நாமும் நகர்ந்து நகர்ந்து உட்காருவோம். விரலெல்லாம் நீலம். பேருந்தில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் கையை எடுத்துக்கொள்வார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. அந்தக் காலத்தைக் கெடுத்தவர் நீங்கள் என்பதால் இதைச் சொல்லவும் கசக்கிறது.

நாற்பத்தேழாம் எண் மாதிரி. பொடியின் உருவத்தைக் காட்டும் எக்ஸ்ரே தாளில் இருபத்தைந்தாம் டிகிரிக் கோணத்தில், அனடேஸுக்கு உரிய இடத்தில், முகடு நிமிர்ந்து நின்றது. ரூட்டைலுக்கு உரிய இருபத்தேழில் ஒரு புடைப்புகூட இல்லை. நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். என் மூக்குக்கண்ணாடி பறந்து போய் அதன் ஒரு காது உடைந்தது. ஒரு மாதம் அதை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு திரிந்தேன், சந்தோஷமாகத் திரிந்தேன். கட்டுரை அச்சானது. பிறகு நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்து மூன்று வரை ஒன்றுகூடத் தொள்ளாயிரத்தில் நிற்கவில்லை. வேறு ஆய்வகங்களும் 'எங்களுக்கு வரவில்லை' என்று எழுதின. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நீங்கள் பட்டம் இல்லாமல் போனீர்கள். நான் நான்கு வருடம் தாமதமாக வாங்கினேன்.

கலப்படம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. கண்ணாடிச் சாமான் கழுவும் சோப்பக்கா அந்த வாரம் விடுப்பு. பீக்கர் முதல் புனல் வரை அத்தனையையும் நானே என் கையால் கழுவினேன். வீழ்படிவை ஏழு முறை கழுவினேன். குறிப்பேட்டில் இருக்கிறது. என் பங்கில் குறை இல்லை. சுட்டது நீங்கள்.

இப்போது அதே தொள்ளாயிரத்தைக் காசுக்கு விற்கப் போகிறீர்கள். எப்படி என்று இரண்டு வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நாற்பத்தேழின் கதையை உங்கள் முதலாளிக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
முனைவர், வேதியியல் துறைத் தலைவர்


மார்ச் 11

மச்சான்,

நீங்கள் உறவைப் போடாவிட்டால் என்ன, நான் போட்டுவிட்டேன்.

உறையைப் பார்த்ததும் வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். 'டேய் அடுப்பு' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்ட வாய், 'மேலாளர் அவர்களுக்கு' என்கிறது. நீங்கள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நாற்பத்தேழைத் தொள்ளாயிரத்தில்தான் சுட்டேன். இரண்டு மணி நேரம் முழுதாக. அன்று சொன்னது இதுதான், இன்றைக்கும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பொடி ஏன் நின்றது, மற்றவை ஏன் நிற்கவில்லை என்று எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வொரு உப்பாகச் சேர்த்துச் சேர்த்து ஒன்பது வருடம் இங்கே பார்த்தேன். கடைசியில் பாஸ்பேட் பிடி கொடுத்தது. பொடியின் ஒவ்வொரு துகளையும் அது சுற்றிக்கொள்கிறது, உருவம் மாற விடுவதில்லை. அளவை எழுத முடியாது. எழுதினால் முதலாளி என்னையே சூளையில் வைத்துவிடுவார்.

இருபத்தெட்டாம் தேதி பெரிய வாங்குபவர் ஒருவர் வருகிறார். அவர் சரி என்றால் இந்தப் பிரிவு நிற்கும். என்னோடு பதினாறு பேர் இருக்கிறார்கள். அதுவரையாவது பொறுங்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கையிடம் காட்டவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் முதலில் சந்தோஷப்படுவாள், அப்புறம் படிப்பாள். அந்த இரண்டாவது எனக்கு வேண்டாம்.

மாடியில் நாம் கட்டிய பந்தயத்தில் நீங்கள் எனக்கு இன்னும் பதினொரு டீ பாக்கி. அதையும் எழுதியிருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 19

மேலாளர் அவர்களுக்கு,

பொறுக்கச் சொல்கிறீர்கள். யாரிடம் சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

'இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை' என்று அன்றும் பெரியவர் அறையில் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு இல்லையென்றால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது.

உலை அறைப் பதிவேட்டில் நாற்பத்தேழுக்கு நீங்கள் எழுதிய நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. அன்று மூன்றரைக்கு நான் உலை அறைக்கு வந்தேன். டீக்குக் கூப்பிட வந்தேன். அறையில் யாரும் இல்லை. உலையின் சூடு காட்டும் முள் ஐந்நூறில் இருந்தது. தொள்ளாயிரத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் ஐந்நூறு. ஐந்நூறில் எந்த அனடேஸும் சாகாது, அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அப்போது நான் பேசவில்லை. முடிவு அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஆறு மாதம் கழித்து, ஐம்பத்தொன்பதாம் மாதிரியும் செத்த அன்று, பெரியவரிடம் போய்ச் சொன்னேன். ஆமாம், சொன்னது நான்தான். அவர் உங்களைக் கூப்பிட்டு, "மூணரைக்கு முள் ஐநூறுல இருந்துச்சாமே? சுட்டதை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டபோது நான் அலமாரி ஓரமாக நின்றிருந்தேன். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள், பிறகு தரையைப் பார்த்தீர்கள். குற்றமுள்ளவன் அப்படித்தான் பார்ப்பான் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டீர்களா? மூன்றே மாதத்தில் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அப்பா அதன் பிறகு கடைசிவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உன் சிநேகிதன்தானடா?" அம்மா போன அன்று அவள் கூடத்தின் அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் அவ்வளவு பேர். போகும்போது அவள் என் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள், யாரும் மிதிக்கக் கூடாதென்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் உங்கள் கணக்கில்தான்.

ஆய்வகத்தில் உங்கள் நாற்காலியில் நான்கு வருடம் வேறு யாரையும் உட்கார விடவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

இன்று காலை உங்கள் முதலாளிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். பழைய கட்டுரை, அதைத் திரும்பப் பெற்ற அறிவிப்பு, என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், மூன்றின் நகலும் அதில் உண்டு. நாற்பத்தேழு உண்மையில் தொள்ளாயிரத்தில் சுடப்படவில்லை என்று அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. இனி அவர் பாடு, உங்கள் பாடு.

இப்படிக்கு,
முனைவர், வேதியியல் துறைத் தலைவர்


ஏப்ரல் 3

மச்சான்,

உங்கள் தபால் எனக்கு முந்தி முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. வாங்குபவர் வரும்போது அது அவர் மேசை மேல்தான் இருந்தது. வாங்குபவர் டீ குடித்துவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போய்விட்டார். முதலாளி நல்லவர், கத்தவில்லை. "ஒரு துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு. நீங்க வாயால சொல்றீங்க. நான் யாரை நம்புறது? மாசக் கடைசிக்குள்ள தெளிவு பண்ணுங்க. அதுவரைக்கும் வீட்ல இருங்க" என்றார். பூச்சு இயந்திரத்தை நிறுத்தித் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

வேலை நாளில் வீட்டில் இருந்தால் அவளிடம் எதை மறைப்பது?

"என்னங்க, வேலைக்குப் போகலையா?"

"உடம்பு சரியில்ல."

"உடம்புக்கு என்ன? நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே."

கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து படித்தாள். நான் எதிர்பார்த்தபடி முதலில் உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழப் போகிறாள் என்று தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"அண்ணன் கழுவினாரா? அவரா? பீக்கரையா?"

"அதுல என்ன?"

"எங்க வீட்ல அவர் கழுவின டம்ளர்ல ஒருத்தரும் வாய் வைக்க மாட்டோம். தூளைக் கொட்டுவார், கொட்டுவார், அப்படிக் கொட்டுவார். தண்ணி மட்டும் சும்மா காட்டிட்டுக் கவுத்துடுவார். ஒரு நாள் அம்மா டீயை வாயில வெச்சுட்டு, ஏண்டா, இது பால் நுரையா சோப்பு நுரையான்னு கேட்டாங்க. அன்னியோட அவரைத் தொட்டிப் பக்கமே விடல. அவரும் அதுக்குத்தானே அப்படிக் கழுவினார்!"

மச்சான், அந்தத் 'தூள்' என்ற வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது.

நம் ஆய்வகத் தொட்டிக்கு மேல் ஒரு பச்சைத் தகரச் சோப்புத் தூள் டப்பா இருக்குமே, நினைவிருக்கிறதா? சோப்பக்கா அதிலிருந்துதான் ஒரு சிட்டிகை எடுத்துக் கழுவி, எட்டுத் தண்ணீர் அலசுவார். அந்த டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'ட்ரைசோடியம் பாஸ்பேட்' என்று போட்டிருக்கும். ஐந்து வருடம் அதன் எதிரில் நின்று கை கழுவியிருக்கிறேன். பாஸ்பேட்டைக் கண்டுபிடிக்கப் பிறகு ஒன்பது வருடம் ஆனது.

வீழ்படிவை ஏழு முறை கழுவினேன் என்கிறீர்கள். முழுக்க நம்புகிறேன். அந்தக் கழுவலில் சோடியம் போயிருக்கும். பாஸ்பேட் டைட்டானியத்தை ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான், எழுபது முறை கழுவினாலும் விடாது. பீக்கரின் அடியில் நீங்கள் அலசாமல் விட்ட அந்த ஒட்டல்தான் நாற்பத்தேழைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை சோப்பக்கா விடுப்பு முடிந்து வந்தார். பளபளவென்று கழுவினார். அன்றிலிருந்து நாம் தோற்க ஆரம்பித்தோம்.

அந்த ஐந்நூறுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து யாருக்கு லாபம்?

நாற்பத்தேழைச் சுட்டது காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை. காலை முறைக்காரர் வரவில்லை, உலை சும்மா கிடந்தது. பதிவேட்டில் எல்லாரும் செய்வதுபோல நமக்கு ஒதுக்கிய முறையை எழுதினேன், இரண்டிலிருந்து நான்கு. நீங்கள் மூன்றரைக்குப் பார்த்தது அணைத்த உலை. ஆறிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்த்த நீங்கள் சுவிட்சைப் பார்க்கவில்லை. நான் எழுதியதில் நேரம் பொய். சூடு பொய் இல்லை.

சுட்டதைப் பார்த்த ஆள் உண்டு. உங்கள் தங்கை. கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, அந்த இரண்டு மணி நேரமும் உலைக்குப் பக்கத்தில் உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து, எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு என்று முள்ளைப் படித்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். அதனால்தான் அறை காலி. அப்போது உங்கள் அப்பா அவளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர், யாராவது பார்த்தார்களா என்று கேட்டபோது அவள் அண்ணன் அலமாரி ஓரமாக நிற்கிறார். நான் யாரைப் பார்ப்பேன்? தரையைத்தான் பார்த்தேன்.

இதை அவளிடமும் நான் சொன்னதில்லை. இப்போது கேட்டாள்: "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து சொல்லியிருப்பேனே. உங்க படிப்பு போயிருக்காதே." "படிப்பு போச்சு, நீ வந்தியே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்னை நம்பச் சொல்லவில்லை. உங்களிடம் உலை இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. செய்து பாருங்கள். ஆனால் பீக்கரை நீங்களே கழுவ வேண்டும். வேறு யார் கழுவினாலும் வராது.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 9

அந்தப் பச்சை டப்பாத் தூள் இப்போது எங்கே கிடைக்கும்? அதை மட்டும் எழுதவும். வேறு எதுவும் வேண்டாம்.


ஏப்ரல் 14

மச்சான்,

அந்தத் தூள் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. ட்ரைசோடியம் பாஸ்பேட்டையும் சலவைச் சோடாவையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், ஏறத்தாழ அதுதான்.

வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதவில்லை. இது அவள் சொல்லி எழுதுவது: "வழக்கமா எப்படிக் கழுவுவாரோ அப்படியே கழுவச் சொல்லுங்க. ஆராய்ச்சின்னு நெனச்சு ஒழுங்கா கழுவித் தொலைச்சிடப் போறார்."

முப்பதாம் தேதிக்குப் பிறகு பூச்சுப் பிரிவை மூடி, பதினாறு பேரையும் வேறு வேலைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 25

மாப்பிள்ளை,

விடுமுறை நாள் பார்த்து ஆய்வகத்துக்குப் போனேன். கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் முந்தின நாளே எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதில் ஒரு பீக்கரை அப்படியே எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை வேண்டுமென்றே அழுக்காக்கி, நீ சொன்ன தூள் கலவையைப் போட்டு நானே கழுவினேன்.

கழுவுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஐம்பது வயதில், துறைத் தலைவர் அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் நின்று, நான் வழக்கமாக எப்படிக் கழுவுவேன் என்று யோசிக்கிறேன். யோசித்தால் வரவில்லை. பிறகு சன்னலுக்கு வெளியே யாரோ இருவர் பேசிக்கொண்டு போனார்கள், அதைக் கேட்டுக்கொண்டே கழுவி முடித்துவிட்டேன். குனிந்து பார்த்தேன். பீக்கரின் அடியில், ஓரத்தில், ஒரு வெள்ளைக் கோடு. சோப்பக்கா பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். இருபத்தோரு வருடம் நான் என்னை எப்படிப்பட்டவன் என்று நினைத்திருந்தேனோ, அதை அந்தக் கோடு அழித்துவிட்டது.

இரண்டு பீக்கரிலும் ஒரே கரைசல். இரண்டின் வீழ்படிவையும் ஏழு முறை கழுவினேன். இரண்டையும் ஒரே உலையில், ஒரே தட்டில், தொள்ளாயிரத்தில் இரண்டு மணி நேரம். பதிவேட்டில் சரியான நேரத்தை எழுதினேன். நீயும் எழுதியிருக்கலாம்.

அந்த இரண்டு மணி நேரமும் எழுந்து போகவில்லை. உலை அறைக்கு என்று ஒரு வாசனை உண்டே, சூடான செங்கல்லும் தூசியும் கலந்து. அதற்குள் உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. நீ செய்தித்தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டே வரன் விளம்பரங்களைச் சத்தமாகப் படிப்பாய். 'மணமகன் நல்ல நிறம், சொந்த உலை உண்டு' என்று நடுவில் உன்னையும் சேர்த்துப் படிப்பாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். யாருக்குக் கேட்பதற்காக அதைப் படித்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. அவள் அப்போது எனக்குச் சாப்பாடு கொடுக்க வந்து கதவருகில் நின்றிருப்பாள்.

ஒரு மணிக்கு உலையை அணைத்தேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குத் திரும்பி வந்தேன். அன்று நின்ற அதே தூரத்தில், கதவில் கை வைத்தபடி நின்றேன். முள் ஐந்நூறில் இருந்தது. சுவிட்சைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அன்று நான்கு அடி உள்ளே வந்திருந்தால் இதைப் பார்த்திருப்பேன். வரவில்லை. ஒருவேளை வர விரும்பவில்லை. அந்த வாரமே நீயும் அவளும் பேருந்து நிறுத்தத்தில் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டேன். பெரியவரிடம் முள்ளைப் பற்றிச் சொன்னபோது நான் முள்ளைப் பற்றி மட்டும்தான் சொன்னேனா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தேன். சுத்தமான பீக்கரின் பொடி முழுக்க ரூட்டைல். என் பீக்கரின் பொடிக்கு இருபத்தைந்தில் முகடு, நாற்பத்தேழின் தாளை மேலே வைத்தால் கோட்டின் மேல் கோடு. அறையில் யாரும் இல்லை. என்னைத் தூக்கிச் சுற்ற ஆளில்லை. கண்ணாடியை நானே கழற்றிப் பத்திரமாக மேசையில் வைத்தேன்.

பிறகு நீலச் சாயத்தில் இரண்டையும் போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். ஒரு தட்டு முக்கால் மணியில் வெளுத்தது. மற்றது அப்படியே நீலமாகக் கிடந்தது. முதலில் வெளுத்தது என்னுடையது.

செய்தவற்றைச் சொல்கிறேன்.

உன் முதலாளிக்குக் கடிதம் போய்விட்டது. முன்பு எழுதியது தவறு, முள்ளைப் பார்த்துச் சுவிட்சைப் பார்க்காமல் குற்றம் சொன்னவன் நான், பூச்சு உண்மையானது என்று எழுதி, இரண்டு எக்ஸ்ரே தாளையும் வைத்து, கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் வைத்திருக்கிறேன். பதிவுத் தபால் நாளை கிடைக்கும். அதை நம்பி இருக்காமல் தொலைபேசியிலும் அழைத்தேன். "மொதல்ல எழுதினதும் நீங்கதானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ ரெண்டுல எது?" என்றார். "ரெண்டாவதுதாங்க. மொதலாவதுல முத்திரை இல்ல, பாருங்க" என்றேன். சிரித்தார். துணியை எடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

நம் பல்கலைக்கழகத்துக்கும் எழுதியிருக்கிறேன். நாற்பத்தேழு தொள்ளாயிரத்தில்தான் சுடப்பட்டது, என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் பொய், உன் ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. பெரியவர் இப்போது இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு நம் இருவரையும் தெரியாது. அத்தியாயம் போனால் பட்டமும் போகலாம், பட்டம் போனால் இந்தப் பதவியும் போகும். ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. எங்கள் துறையில் அதற்காகக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு இந்த வருடம் நல்ல வருடம்.

உன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நேரத்தை மாற்றி எழுதினாய். ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவனிடம், 'உன் தங்கையை எனக்குப் பிடிக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குதித்திருப்பேன், ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன், பிறகு அப்பாவிடம் நானே போய்ப் பேசியிருப்பேன். ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இருபத்தோரு வருடமாகிவிட்டது.

அவளிடம் சொல், நான் ஒழுங்காகக் கழுவவில்லை என்று.

கீழே என்ன எழுதுவது என்று யோசித்தேன். மச்சான் என்பது நீ கூப்பிடுவது, அதை நானே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அண்ணன் என்பது அவள் கொடுக்க வேண்டியது, அவளோடு நான் பேசியே இருபத்தோரு வருடமாகிறது. முனைவர் என்று எழுதினால் அடுத்த மாதம் அது உண்மையாக இருக்குமா தெரியாது. மற்ற இரண்டு கடிதத்துக்கும் கையெழுத்து தேவை, போட்டேன். இதற்கு எது என் பெயர் என்று நீங்கள் இரண்டு பேரும்தான் சொல்ல வேண்டும். கடைசித் தபால் எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கையெழுத்து இல்லாமலே இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.